கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே, ஒதெல்லோ!

'ஒதெல்லோ' நாடகத்தை ஒரே வார்த்தையில் சொல்லுங்க என்று யாரைக் கேட்டாலும் வருகிற பதில் 'பொறாமை'. நம்ம பாஷையில் சொன்னால் 'பொசசிவ்'. கதைச் சுருக்கத்தை மட்டும் படித்தவர்களும் இதைத்தான் சொல்வார்கள், முழு நாடகத்தையும் படித்தவர்களில் பாதிப் பேரும் இதைத்தான் சொல்வார்கள். பொண்டாட்டி மேல் உயிரையே வைத்திருந்தான், சந்தேகம் வந்தது, கொன்றுவிட்டான், பிறகு அழுதான். அவ்ளோதான் கதை.

இந்த 'அவ்ளோதான்' மேல்தான் எனக்குக் கோபம். என் கட்சி இது: ஒதெல்லோ பொறாமையைப் பற்றிய நாடகமே இல்லை. பொறாமை அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாடகம் முழுக்க ஷேக்ஸ்பியர் விடாமல் துரத்துவது வேறு ஒரு கேள்வியை. ஒருத்தர் மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தால், அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறோமா, இல்லை அவர் இல்லாத இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோமா?

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு எதுக்குங்க 400 வருஷத்துப் பழைய நாடகம் என்று கேட்காதீங்க. ஆதாரம், டெஸ்ட், முடிவு என்று தினமும் பேசுகிற கூட்டம் நாம். இந்த நாடகம் முழுக்க முழுக்க நம்ம ஏரியா.

தெரியாதவர்களுக்காகக் கதையை நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் நகரத்தின் படைத்தளபதி ஒதெல்லோ, கறுப்பினத்தவன், வெளியூர்க்காரன். செனட்டர் பிரபான்சியோவின் மகள் டெஸ்டிமோனா அப்பாவுக்குத் தெரியாமல் அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தனக்குக் கிடைக்க வேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்டது என்ற கடுப்பில் இருக்கும் இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் காசியோவுக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்ப வைக்கிறான். ஒரு கைக்குட்டை ஆதாரமாகிறது. ஒதெல்லோ மனைவியைக் கொல்கிறான், உண்மை தெரிந்ததும் தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான். 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில் மன்னர் முதலாம் ஜேம்ஸ் முன்னால் நடிக்கப்பட்டதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு.

முதல் அங்கத்தில் ஒரு நியாயமான விசாரணை

இப்போ முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்கு வாங்க. பலர் அவசரமாகத் தாண்டிப் போகிற காட்சி இது. என்னைக் கேட்டால் நாடகத்தின் சாவி இங்கேதான் இருக்கிறது.

பிரபான்சியோ ஆட்சி மன்றத்துக்கு வந்து புகார் கொடுக்கிறார். என் பொண்ணுக்கு மருந்தும் மந்திரமும் வைத்து மயக்கிவிட்டான் இந்த ஆள் என்கிறார். புகார் கொடுப்பவர் பெரிய மனுஷன். குற்றம் சாட்டப்பட்டவன் வேற்று இனத்தான். அந்தக் காலத்து வெனிஸில் இந்த வழக்கு எப்படி முடியும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் நடப்பது வேறு. சும்மா அடித்துச் சொல்வது ஆதாரம் ஆகாது என்று மன்றத்தின் தலைவரான ட்யூக் சொல்கிறார். ஒதெல்லோவைப் பேச விடுகிறார்கள். ஒதெல்லோ முதலில் கேட்பது என்ன தெரியுமா? டெஸ்டிமோனாவைக் கூப்பிட்டு அனுப்புங்கள், அவள் அப்பா முன்னாலேயே அவள் வாயால் சொல்லட்டும் என்கிறான். ஆள் அனுப்புகிறார்கள். அவளும் வந்து, தானே விரும்பித்தான் இவனைக் கட்டிக்கொண்டேன் என்று சபை முன்னால் தைரியமாகச் சொல்கிறாள். வழக்கு முடிந்தது.

கவனிச்சீங்களா? குற்றச்சாட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில், நேரடி சாட்சி, தீர்ப்பு. ஒரு படி கூட விட்டுப்போகவில்லை. ஒதெல்லோவைக் காப்பாற்றியது அவனுடைய வீரம் இல்லை, பதவியும் முழுக்க இல்லை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அதுதான் காப்பாற்றியது.

இதே ஒதெல்லோ ரெண்டு அங்கம் கழித்து அவள் மேல் குற்றச்சாட்டு வரும்போது இந்த நாலு படியில் ஒன்றைக்கூட ஒழுங்காகச் செய்வதில்லை. தனக்குக் கிடைத்த விசாரணையை அவளுக்குக் கொடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த நாடகத்தின் சோகம் கைக்குட்டையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

இயாகோ பொய்யே சொல்வதில்லை (கிட்டத்தட்ட)

சரி, மொழிக்கு வருவோம். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. காட்சி தொடங்கும்போது ஒதெல்லோ மனைவி மேல் உயிராக இருக்கிறான். காட்சி முடியும்போது இயாகோவோடு சேர்ந்து மண்டியிட்டு, பழிவாங்குவேன் என்று சத்தியம் செய்கிறான். ஒரே காட்சி! இது எப்படி நம்பும்படியாக இருக்கிறது?

இயாகோ ஆரம்பத்தில் எதையும் சொல்வதே இல்லை, அதுதான் ரகசியம். காசியோ போவதைப் பார்த்து, எனக்கு இது பிடிக்கலை என்று முனகுகிறான். என்ன சொன்னே என்று ஒதெல்லோ கேட்டால், ஒண்ணுமில்லை என்கிறான். உங்க காதல் விஷயம் காசியோவுக்கு அப்பவே தெரியுமா என்று ஒரு கேள்வியை மட்டும் போடுகிறான். ஏன் கேட்கிறே என்றால், சும்மாதான் என்கிறான். ஒதெல்லோ ஒரு வார்த்தை சொன்னால் அதே வார்த்தையைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்கிறான். நான் எதிரொலிதான், சத்தம் உங்களுடையது என்கிற மாதிரி.

இந்த உத்தியை நாம் தினமும் பார்க்கிறோம். "மச்சி, ஒண்ணு சொல்லணும்... வேணாம் விடு." இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போன யாரையாவது பார்த்திருக்கீங்களா? சொன்ன விஷயத்தை மறுக்கலாம். சொல்லாமல் விட்ட விஷயத்தை எப்படி மறுப்பது? பாதிப் படத்தை இயாகோ வரைகிறான், மீதியை ஒதெல்லோவே வரைந்து முடிக்கிறான். தானே வரைந்த படம் என்பதால் அதன் மேல் அவனுக்கு நம்பிக்கை அதிகம்.

அடுத்த உத்தி இன்னும் மோசம். பொறாமைப்படாதீங்க, அது மனுஷனைத் தின்றுவிடும் என்று இயாகோவே எச்சரிக்கிறான்! ஒதெல்லோ அதுவரை 'பொறாமை' என்ற வார்த்தையையே யோசிக்கவில்லை. எச்சரிக்கை என்ற பெயரில் அந்த வார்த்தையை உள்ளே இறக்கியது இயாகோதான். பிறகு, காசியோ தூக்கத்தில் டெஸ்டிமோனா பெயரைச் சொல்லிப் புலம்பினான் என்று ஒரு கதை விடுகிறான். விட்டுவிட்டு உடனே, ஆனா அது வெறும் கனவுதானே என்று தானே அதைக் குறைத்தும் பேசுகிறான். நியாயமான ஆள் போல!

இதோடு 'ஹானஸ்ட்' என்ற வார்த்தையைச் சேர்த்துப் பாருங்கள். இந்தச் சொல்லும் இதன் கிளைச் சொற்களும் நாடகத்தில் 50 தடவைக்கு மேல் வருகின்றன. அதில் கணிசமான தடவை அது இயாகோவுக்குப் பட்டமாகத்தான் ஒட்டிக்கொண்டு வருகிறது. அக்கால ஆங்கிலத்தில் இதற்கு ரெண்டு பொருள். ஆணுக்குச் சொன்னால் நேர்மையானவன், பெண்ணுக்குச் சொன்னால் கற்புள்ளவள். நாடகம் முழுக்க இந்த ஒரே வார்த்தை ஆணிடம் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, பெண்ணிடம் நிரூபிக்கச் சொல்லிக் கேட்கப்படுகிறது. இயாகோவின் நேர்மையை யாராவது சோதித்தார்களா? ஒருத்தரும் இல்லை. டெஸ்டிமோனாவின் நேர்மைக்கு மட்டும் ஆதாரம் வேண்டும்.

ஒரு மனிதனின் பேச்சு உடையும் சத்தம்

ஆங்கில மூலத்தைப் படிக்க முடிந்தால் ஒதெல்லோ பேசுவதை மட்டும் தொடர்ந்து கவனித்து வாருங்கள். ஆரம்பத்தில், எனக்கு நயமாகப் பேசத் தெரியாது, நான் போர்க்களத்து ஆள் என்று சொல்லிவிட்டு நாடகத்திலேயே மிக அழகான கவிதை நடையில் பேசுகிறான். பத்து அசை கொண்ட வரிகள், நிதானமான நீண்ட வாக்கியங்கள். கடல், பாலைவனம், போர் என்று விரிகிற பேச்சு. டெஸ்டிமோனா அவனிடம் மனதைப் பறிகொடுத்ததே இந்தக் கதை சொல்லலில்தான்.

இயாகோவின் பேச்சு அப்படியே நேர் எதிர். ஆடு, குதிரை, குரங்கு, சிலந்தி, விஷம் என்று மனித உறவை எப்போதும் மிருக மட்டத்துக்கு இறக்கிப் பேசுவான்.

மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு ஒதெல்லோவின் வாயிலிருந்து இயாகோவின் மிருகங்கள் வர ஆரம்பிக்கின்றன. நான்காம் அங்கத்தில் அவன் பேச்சு கவிதையை விட்டு உரைநடையாகி, உரைநடையும் உடைந்து, கைக்குட்டை, ஒப்புதல், மூக்கு, காது, உதடு என்று தொடர்பில்லாத வார்த்தைகளாகச் சிதறி, கடைசியில் மயங்கி விழுகிறான். ஒருத்தன் மனசை இன்னொருத்தன் பிடித்துவிட்டான் என்பதை ஷேக்ஸ்பியர் வசனத்தில் சொல்வதில்லை, இலக்கணத்தில் காட்டுகிறார். நாம் யார் பேச்சை அதிகம் கேட்கிறோமோ அவர்களைப் போலவே பேச ஆரம்பிக்கிறோம். ஒரு குரூப்பில் ஆறு மாதம் இருந்த நண்பனின் பேச்சு எப்படி மாறிப்போகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆதாரம் கேட்டானே?

"ஒதெல்லோ ஆதாரம் கேட்கவே இல்லையா?" என்று கேட்பீங்க. நல்ல கேள்வி. கேட்டான்! இயாகோவின் கழுத்தைப் பிடித்து, கண்ணால் பார்க்கிற ஆதாரம் கொடு, இல்லைன்னா உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டுகிறான். அதனால்தான் அவனை வெறும் முட்டாள் என்று தள்ள முடியவில்லை.

ஆனால் ஆதாரத்தை யாரிடம் கேட்டான்? குற்றம் சாட்டியவனிடமே. டெஸ்டை வடிவமைப்பது, நடத்துவது, ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் ஒரே ஆள் என்றால் அந்த ரிப்போர்ட்டுக்கு நீங்கள் எவ்வளவு மதிப்புக் கொடுப்பீங்க?

அந்த ரிப்போர்ட்டைப் பார்ப்போம். நான்காம் அங்கத்தில் ஒதெல்லோவை ஒளிந்து நிற்கச் சொல்லிவிட்டு, காசியோவிடம் அவனுடைய தோழி பியான்காவைப் பற்றி இயாகோ பேச்சுக் கொடுக்கிறான், அவள் பெயரை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்லி. காசியோ சிரிக்கிறான், கையை ஆட்டுகிறான். தூரத்தில் நிற்கும் ஒதெல்லோ இதெல்லாம் தன் மனைவியைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறான். மியூட் பண்ணின வீடியோவுக்கு நாமே வசனம் போடுகிற மாதிரி. அதற்குள் பியான்கா கைக்குட்டையோடு வந்து நிற்க, 'கண்ணால் பார்த்த ஆதாரம்' கிடைத்துவிட்டது.

அவன் பார்த்தது பொய் இல்லை. அந்தச் சிரிப்பு நிஜம், கைக்குட்டை நிஜம். டேட்டா சரிதான், அதற்குப் போட்ட தலைப்புதான் தவறு. இன்றைக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் கையில் கிடைத்ததும் நாம் செய்வதும் இதுதான். ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்கு முந்தைய பத்து மெசேஜும் பிந்தைய பத்து மெசேஜும் எங்கே?

1693-ல் தாமஸ் ரைமர் என்ற விமர்சகர், ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு அமர்க்களமா என்று இந்த நாடகத்தைக் கிண்டல் செய்தார். அவர் கிண்டலாகச் சொன்னதை நான் சீரியஸாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆமாம், வெறும் கைக்குட்டைதான். அது அற்பமாக இருப்பதுதான் விஷயமே. அந்தக் கைக்குட்டையின் வரலாற்றைக்கூட ஒதெல்லோ ரெண்டு விதமாகச் சொல்கிறான். ஒருமுறை எகிப்துக்காரி ஒருத்தி என் அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான், கடைசியில் என் அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். ஆதாரமே தடுமாறுகிறது, தீர்ப்பு மட்டும் தடுமாறவில்லை.

இன்னொரு எளிய கணக்கு. வெனிஸிலிருந்து சைப்ரஸுக்கு காசியோ ஒரு கப்பலில் வருகிறான், டெஸ்டிமோனா இன்னொரு கப்பலில் வருகிறாள். கரை இறங்கியதிலிருந்து கொலை வரை மேடையில் காட்டப்படுவது ஏறக்குறைய ரெண்டு நாள். இதில் அந்தத் தொடர்பு எப்போ நடந்திருக்க முடியும்? நாடகத்தில் நீண்ட காலம் போனது போன்ற குறிப்புகளும் கலந்து வருவதால் விமர்சகர்கள் இதை 'இரட்டைக் காலம்' என்று பெயர் வைத்து நிறைய விவாதித்திருக்கிறார்கள். நான் சொல்வது சின்ன விஷயம்: ஒதெல்லோ ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணியிருந்தாலே போதும்.

சாட்சி இருந்தது, மதிப்பில்லை

ஒதெல்லோ யாரையுமே விசாரிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் அநியாயம். டெஸ்டிமோனாவோடு எப்போதும் இருக்கும் எமிலியாவை ஒருமுறை கேட்கிறான். அவள் உயிரைப் பணயம் வைத்துச் சொல்வேன், இவள் சுத்தமானவள் என்கிறாள். அவள் போனதும், இவள் இப்படித்தான் சொல்வாள் என்று தள்ளிவிடுகிறான். பிறகு டெஸ்டிமோனாவையே கூப்பிட்டுத் திட்டுகிறான். நான் செய்த பாவம் என்ன என்று அவள் கேட்கிறாள். திட்டுகிறானே தவிர, யாரோடு, எப்போது, என்ன ஆதாரம் என்று சொல்வதே இல்லை. குற்றப்பத்திரிகையே கொடுக்காமல் எப்படிப் பதில் சொல்வது?

கடைசி இரவில்தான் காசியோ, கைக்குட்டை என்று வாயைத் திறக்கிறான். அப்போது டெஸ்டிமோனா என்ன சொல்கிறாள் தெரியுமா? அந்த ஆளைக் கூப்பிட்டு அனுப்புங்கள், அவனையே கேளுங்கள் என்கிறாள். முதல் அங்கத்தில் தனக்காக ஒதெல்லோ கேட்ட அதே விஷயம், மூலத்தில் கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். அன்றைக்கு ட்யூக் ஆள் அனுப்பினார். இன்றைக்கு ஒதெல்லோ, அவன் வாய் அடைக்கப்பட்டாகிவிட்டது என்கிறான். காசியோவைக் கொல்ல இயாகோவை ஏற்கனவே அனுப்பியாகிவிட்டது. தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு. இந்த ரெண்டு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், எனக்கு மாதிரியே உங்களுக்கும் வயிற்றைப் பிசையும்.

எமிலியா மேலும் தப்பு உண்டு. கீழே விழுந்த கைக்குட்டையை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தவள் அவள்தான். அது எங்கே போச்சோ என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, எனக்குத் தெரியாதே என்று சொன்னவளும் அவள்தான். ஆனால் கடைசியில் உண்மை வெளியே வருவதும் அவளால்தான். வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ என்று இயாகோ அதட்டுகிறான். அவள் மூடுவதில்லை. அதற்கு விலையாக உயிரைக் கொடுக்கிறாள். நாடகத்திலேயே அதிக வரிகள் பேசிய இயாகோ, அவள் பேசி முடித்த பிறகு இனி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

ஒதெல்லோ பக்க நியாயம்

எதிர்த் தரப்பையும் பேசிவிடலாம். எல்லோரும்தானே இயாகோவை நம்பினார்கள்? உண்மைதான். காசியோ நம்பினான், பணத்தைக் கொட்டின ரொடெரிகோ நம்பினான், டெஸ்டிமோனாவே தன் கஷ்டத்தை அவனிடம்தான் சொல்லி அழுதாள்.

அதைவிடக் கனமான வாதம் நிறம். ஒதெல்லோ எத்தனை போர் ஜெயித்தாலும் வெனிஸுக்கு வெளியாள்தான். இயாகோ அடிக்கிற இடம் அதுதான்: எங்க ஊர்ப் பெண்களை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. இதைக் கேட்டதும் ஒதெல்லோ தன் நிறம், வயது, பேச்சு என்று தன்னையே குறைத்து எண்ண ஆரம்பிக்கிறான். ஊர் சொன்ன இழிவை அவனே நம்பத் தொடங்கிவிடுகிறான். கிராமத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வருஷப் பையனிடம் ஒரு சீனியர் "உனக்கு இந்த ஊரைப் பத்தி என்னடா தெரியும்" என்று ஆரம்பித்தால் அவன் எவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவான்! ஒதெல்லோ மேல் எனக்கு இரக்கம் உண்டு. பால் ரோப்சன் 1943-ல் பிராட்வேயில் இந்த வேஷம் போட்டபோது 296 தடவை ஓடியது என்றால், இந்தக் காயத்தை அமெரிக்கா அடையாளம் கண்டுகொண்டதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் இரக்கம் வேறு, மன்னிப்பு வேறு. சாகும் முன், அளவுக்கு மீறி நேசித்தவன் என்று தன்னைப் பற்றி எழுதச் சொல்கிறான் ஒதெல்லோ. டி.எஸ். எலியட் இதைப் பார்த்து, இவன் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான் என்றார். நான் எலியட் கட்சி. ஒருத்தியைக் கொன்றுவிட்டு 'அவ்வளவு லவ்' என்பது விளக்கம் இல்லை. 'பொசசிவ்னா பாசம் ஜாஸ்தின்னு அர்த்தம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பேச்சு இந்த இடத்தில்தான் போய் முடிகிறது. ஃபோனை வாங்கிச் செக் பண்ணுவது, லாஸ்ட் சீன் பார்த்துக் கணக்குக் கேட்பது, நண்பன் சொன்னதை வைத்து அவளிடம் பேசாமலே பிரிவது, குரூப்பில் பேரை நாறடிப்பது. கொலை வரை போக வேண்டியதில்லை. இதில் எதிலும் அந்தப் பெண் தரப்பு கேட்கப்பட்டிருக்காது என்பதே போதும். பையன்களுக்கும் இது நடக்கிறது, ராகிங் புகாரிலிருந்து காப்பி அடித்த புகார் வரை. விதி எல்லோருக்கும் ஒன்றுதான்: கூப்பிட்டுக் கேளுங்கள்.

படிக்க நேரமில்லை என்பவர்களுக்குப் படங்கள் இருக்கின்றன. தெய்யம் கலைஞர்களின் உலகத்தில் நடக்கும் மலையாளத்துக் 'களியாட்டம்' (1997), கைக்குட்டை இடுப்பு நகையாக மாறும் இந்தி 'ஓம்காரா' (2006). நம்ம 'இரத்தத் திலகம்' (1963) படத்தில் சிவாஜி ஒதெல்லோவாகவும் சாவித்திரி டெஸ்டிமோனாவாகவும் வரும் மேடைக் காட்சியும் உண்டு.

ஆனால் முடிந்தால் நாடகத்தையே படியுங்கள். படிக்கும்போது ஒரு பேப்பரில் ரெண்டு பத்தி போட்டு, யார் யாரைப் பற்றிப் பேசினார்கள், யார் யாரிடம் நேராகக் கேட்டார்கள் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். முதல் பத்தி சீக்கிரம் நிரம்பிவிடும். ரெண்டாவது பத்தியில் எத்தனை வரி தேறியது என்று எங்களுக்கு எழுதுங்க. என் கட்சி தப்பு என்று நினைத்தாலும் எழுதுங்க, அடுத்த இதழில் உங்க பக்கத்தையும் கேட்போம்.